பட்டனா, கையால் அடித்ததா?

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எல்லோரும் ஆற்றுக்குப் போயாச்சு. தேங்காய்ச் சாதத்தைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, "போனை நோண்டிக்கிட்டே இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் மனைவி.

போனில் போக்கர், ஒரு ரூபாய்/இரண்டு ரூபாய் டேபிள். வழக்கம்போல வந்த கையை (கிடைத்த சீட்டை) எல்லாம் ஆடுகிற கூட்டம். ஒருத்தன் மட்டும் வேறு மாதிரி, பேர் 'மழைக்காகம்'. பத்துக் கை வந்தால் எட்டை ஆடாமல் கீழே போட்டுவிடுகிறான். அப்படிப்பட்டவன் உள்ளே வந்தால் மரியாதையாக ஒதுங்கிவிட வேண்டும். ஆனால் அவன் உள்ளே வந்தபிறகு வைக்கிற தொகைதான் புரியவில்லை.

ஆகஸ்ட் 5

மாவுக்கட்டுக்குள் அரிப்பு. ஸ்கேல் உள்ளே போகவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தூக்கமில்லை. பன்னிரண்டு அடித்ததும் ஆப் வெளியே தள்ளிவிட்டது, இனி காலை ஐந்துக்குத்தான். தமிழ்நாட்டுக்காரனுக்கு மட்டும் இந்த ஊரடங்கு. ஜூன் மாதம் ஹைகோர்ட்டும் சரிதான் என்று சொல்லிவிட்டது. சும்மா படுத்துக்கொண்டு பழைய கைகளை ஓட்டிப் பார்த்தேன்.

பாட் என்பது நடுவில் சேர்ந்திருக்கும் பணம். அந்தப் பாட்டில் பாதி வைக்க ஒரு பட்டன், முழுசாக வைக்க ஒரு பட்டன். அவசரக்காரர்கள் இதைத்தான் அமுக்குவார்கள். அதனால் 23, 41 என்று ஒழுங்கில்லாத எண்கள் வரும். 40, 80, 100 என்று வந்தால் ஆள் தொகையைக் கையால் அடித்திருக்கிறான். கையால் அடிக்கிறவன் 'எவ்வளவு வைத்தால் இவன் காசு தருவான்' என்று யோசிக்கிறான் என்று அர்த்தம். யோசிக்கிறவனிடம் நல்ல சீட்டு இருக்கிறது.

மழைக்காகம் இரண்டும் செய்கிறான்.

ஆகஸ்ட் 8

சில சமயம் நொடியில் வைக்கிறான், சில சமயம் கடிகாரம் சிவப்பாகும்வரை இழுக்கிறான். இழுத்தால் பலமான கை, நடிக்கிறான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று லாபியில் (டேபிள்களின் பட்டியல்) பார்த்தால் பக்கத்து டேபிளிலும் அதே பேர்! இங்கே இழுக்கிற நேரத்தில் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறான். அப்புறம் நேரத்தை வைத்து என்னத்தைப் படிப்பது. தொகை ஒன்றுதான் மிச்சம்.

மச்சான் வந்தார், ஆப்பிளோடு. "மாப்ளே, இதெல்லாம் லக்குதானே?" 2023 நவம்பரில் இதே சென்னை ஹைகோர்ட் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொன்னதை எடுத்துச் சொன்னேன். ஆப்பிளை நறுக்கிக்கொண்டே, "தெருவுல வச்சு ஆடுனா போலீஸ் கோர்ட்டுக்குப் போயா கேக்கும்?" என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

என்னிடம் ஏஸ், ஜாக். ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேஜையில் முதலில் விரிக்கிற மூன்று சீட்டில், ஸ்பேடு ஏஸ், ஆட்டின் எட்டு, ஆட்டின் ஐந்து. நான் வைத்தேன், மழைக்காகம் கூடவே வந்தான். டர்னில் (நாலாவது சீட்டு) கிளாவர் கிங், இருவரும் செக், பணம் வைக்கவில்லை. ரிவரில் (கடைசிச் சீட்டு) ஆட்டின் இரண்டு. மூன்று ஆட்டின் மேஜையில். பாட்டில் 124. நான் செக். அவன் 62.

62! துல்லியமாகப் பாதி. பட்டன்.

நானும் 62 கட்டி கால் பண்ணினால் மொத்தம் 248. நாலில் ஒரு தடவை அவன் புளுகினால் போதும், எனக்கு நஷ்டமில்லை. ஐந்து ஆட்டின் சேர்ந்தவன் இன்னும் கொஞ்சம் பிடுங்கத்தானே பார்ப்பான், இப்படி யோசிக்காமலா அமுக்குவான்? கால் பண்ணினேன். ஸ்பேடு ஏழு, ஸ்பேடு ஆறு! நாலுக்கோ ஒன்பதுக்கோ காத்திருந்து ஒன்றும் வராமல் போன கை.

அவள் எட்டிப் பார்த்து, "வலிக்குதா?" என்றாள். சிரித்திருக்கிறேன் போல.

ஆகஸ்ட் 12

ஒரு கையை வைத்து ஒரு ஆளை எடைபோடக் கூடாது. எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 14

இன்று 80. கையால் அடித்தது. பாட்டில் 130. என்னிடம் ராஜா ஜோடி, மேஜையில் ஏஸ் இல்லை, பயப்பட ஒன்றுமே இல்லாத மேஜை. ஆனாலும் சீட்டைக் கீழே போட்டுவிட்டேன். நம் விதிப்படி அவனிடம் சீட்டு இருக்க வேண்டும்.

இருந்ததா? போட்டவனுக்கு யாரும் சீட்டைக் காட்டுவதில்லை. இந்தச் சின்ன டேபிள்களில் ரிவரில் பெரிதாக வைக்கிறவன் புளுகுவது அபூர்வம் என்பது பொதுவான அனுபவம். அந்தக் கணக்கில் நான் செய்தது சரி. ஆனால் அவன் நான் பட்டனைக் கவனிப்பதைக் கண்டுபிடித்துவிட்டால்? அந்த 62-ஐ நான் கால் பண்ணியபோதே அவனுக்கு உறைத்திருக்குமோ? அப்படியானால் இந்த 80 எனக்கென்றே அடித்தது.

இல்லை, இரண்டு டேபிள் ஆடுகிறவனுக்கு அவ்வளவு பொழுது ஏது.

ஆகஸ்ட் 15

டிவியில் கொடி. டேபிளில் அவன் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ராஜா ஜோடி. ராஜா ஜோடியை எவனாவது போடுவானா!

ஆகஸ்ட் 20, புதன்

மக்களவையில் மசோதா, சாயங்காலத்துக்குள் நிறைவேறிவிட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே கிடையாது. மச்சான் அனுப்பிய வாட்ஸப்பில் சிரிக்கிற பொம்மை மட்டும்.

மழைக்காகம் வந்தான். ஒரு மணி நேரம் தாண்டியதும் வரும் எச்சரிக்கைப் பெட்டி சரியாக ரிவரில் வந்து திரையை மறைத்தது. மூடிப் பார்த்தால் அவன் 45 வைத்திருக்கிறான். பாட்டில் 90.

45 பட்டனுமாகும், கையால் அடித்ததுமாகும்.

ஆகஸ்ட் 21

மாநிலங்களவையும் முடிந்தது. டேபிளில் பாதி நாற்காலி காலி. அவன் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆயிற்று. பணம் எடுக்கிற பக்கம் மட்டும் திறக்கிறது. இருந்ததை எடுக்கச் சொல்லிவிட்டேன், டிடிஎஸ் பிடிக்க லாபம் என்று ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை எக்ஸ்ரே, ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டும்.