ஒரு முழம் மல்லிகை

காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசலில் அம்மாவுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். மதுரையில் இதெல்லாம் ஒரு செய்தியா என்பீர்கள். கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பமான எங்கள் வீட்டில் செய்திதான். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது, எங்கள் வாசற்படி ஏற அனுமதி கிடைக்கவில்லை. பூ, கம்மல், டிவி, காய்ச்சலுக்கு மாத்திரை, எல்லாமே பாவம். உபவாசத்தன்று ஒரு வாய் காபி குடித்துவிட்டு, நரக பயத்தில் இரவெல்லாம் விழித்துக்கிடந்தவன் நான்.

பெரிய பிரசங்கம் எதுவும் என்னை மாற்றவில்லை. பைபிளில் எபேசியர் 2:8, ஞாயிறு பள்ளியில் ஒப்பித்து டிபன் பாக்ஸ் வாங்கிய வசனம்தான். கிருபையினாலே இரட்சிப்பு, அது தேவனுடைய ஈவு. ஈவு என்றால் சும்மா கொடுப்பது என்று முப்பத்தெட்டு வயதில்தான் உறைத்தது.

அம்மா பூவை முகர்ந்து பார்த்தார். “தலையில வைக்கக் கூச்சமா இருக்குப்பா” என்று பைபிள் பக்கத்தில் வைத்துவிட்டார். சரி, இருக்கட்டும். வீடு முழுக்க வாசனை.