எடைதான் முதல் எதிரி: பெரிய எஸ்யூவியோடு சில நாட்கள்

மார்ச் 3
கரடுமுரடான பாதைகளில் கூடாரம் போட்டுத் தங்கும் பயணத்துக்குத் தயாராகிறோம். வண்டி டொயோட்டாவின் பெரிய எஸ்யூவி, லேண்ட் குரூசர் 300. அதன் மூன்றாம் வரிசை இருக்கையை மடக்கிவிட்டேன். பின்னால் எக்கச்சக்க இடம். பெரிய வண்டியில் சிக்கலே இதுதான். காலி இடத்தைப் பார்த்தால் எதையாவது கொண்டுவந்து வைக்கக் கை அரிக்கும். ஆனால் இடம் நிரம்பும் முன்பே எடை வரம்பு முடிந்துவிடும்.

மார்ச் 5
அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால், என் வண்டிக்கு மிஞ்சுவது சுமார் 650 கிலோ. நான்கு பேருக்கு 300. தண்ணீர் 60 லிட்டர், அது 60 கிலோ. இரண்டு கேன் டீசல் 40. கூரைக் கூடாரம் 60. ஃப்ரிட்ஜும் இரண்டாவது பேட்டரியும் 50. இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பி உருளை) 90. அதற்குள் 600 ஆகிவிட்டது. பாத்திரம், துணி, ஸ்பேனர் பெட்டி எதுவும் இன்னும் ஏறவில்லை. பம்பரும் வின்ச்சும் வேண்டாம் என்று அடித்துவிட்டேன். நாங்கள் போகிற மாதிரி மிதமான பாதைக்கு அவை பெரும்பாலும் படத்துக்கு அழகு, முன் சஸ்பென்ஷனுக்குத் தண்டச்சுமை.

மார்ச் 6
கூரைக்குத் தனி வரம்பு. கையேட்டில் இருக்கும் எண் வண்டி ஓடும்போதைய கணக்கு. கேரியரின் எடையும் அதில் சேரும். நிறுத்திய பிறகு மேலே இரண்டு பேர் படுப்பது வேறு கணக்கு, குலுக்கல் இல்லாததால் கூரை அதிகம் தாங்கும். தண்ணீரை முன் இருக்கைகளுக்குப் பின்னால், தரையோடு வைத்துக் கட்டினேன். கனம் கீழேயும் நடுவிலும் இருந்தால் பக்கச் சரிவில் வயிறு கலங்காது.

மார்ச் 12
சரளைப் பாதை. டயர் காற்றழுத்தத்தை 36 பிஎஸ்ஐயிலிருந்து 26-க்கு இறக்கியதும் குலுக்கல் பாதியானது. மதியம் மணல், அங்கே 18. காற்றுக் குறைந்தால் டயர் நீளவாக்கில் அதிகம் தரையைத் தொடும். எடை பரவி, வண்டி புதையாமல் மிதக்கும். கூட வந்த சின்ன ஜீப் 14-இல் ஓடியது. அதைப் பார்த்து நாமும் இறக்கக் கூடாது. கனமான வண்டியில் டயரின் பக்கச்சுவர் மிதமிஞ்சி மடங்கிச் சூடாகும், திருப்பத்தில் ரிம்மை விட்டே கழன்றுவிடலாம். தார்ச்சாலை வந்ததும் முதல் வேலை கம்ப்ரஸரால் காற்றைத் திரும்ப ஏற்றுவது.

மார்ச் 13
வண்டியின் அகலம் 1980 மில்லிமீட்டர். முட்புதர் இரண்டு பக்கமும் கோடு போட்டுவிட்டது, போகட்டும். மேட்டில் ஏறி இறங்கும்போதுதான் கவனம் வேண்டும், பக்கப் படிகள் முதலில் தட்டும். வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், 2850 மில்லிமீட்டர். 1990-இல் வந்த 80 சீரிஸ் லேண்ட் குரூசரிலிருந்து அதே அளவு. அது நீண்டால் வண்டியின் அடி மேட்டில் இன்னும் எளிதாகத் தட்டும். அதை மாற்றாமல் வைத்திருப்பது நல்ல புத்தி.

சேற்றில் ஜீப் சிக்கியது. இழுக்கும் கயிற்றை, வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் குமிழில் மாட்டலாமா என்று நண்பர் கேட்டார். கூடவே கூடாது. குமிழ் உடைந்தால் குண்டு மாதிரிப் பறக்கும், ஆளைக் கொல்லும். முதலில் மண்வெட்டி. சக்கரத்தைச் சுற்றித் தோண்டி, சக்கரத்துக்குப் பிடிமானம் தரும் ட்ராக் பலகையைச் செருகியதும் இழுக்காமலே வெளியே வந்துவிட்டது. எங்கள் வண்டி சிக்கினாலும் இதே வழிதான். அந்த ஜீப் இதை இழுக்குமா என்ன!

மார்ச் 15
மணலிலும் லோ ரேஞ்சிலும் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர்) டீசல் நெடுஞ்சாலையைவிட ஏகத்துக்குக் குடித்தது. அடுத்த பயணத்துக்கு இன்னொரு கேன் சேர்க்கிறேன், அந்த எடைக்கு ஈடாகக் கூரைக் கூடாரம் இறங்குகிறது.