பூனைக்காலியும் பெரியப்பாவோட மாத்திரையும்

சின்ன வயசுல வேலியோரம் பூனைக்காலி காய் தொங்கும், அதோட சொணையைக் குச்சியால வழிச்சு எவன் சட்டைக்குள்ளயாவது போட்டுட்டு ஓடுறதுதான் எங்களுக்கு விளையாட்டு, சொறியச் சொறிய அரிப்பு பரவும், சாணியைத் தேய்ச்சு குளிச்சாத்தான் அடங்கும்.

அந்தக் காயோட விதைக்குள்ள இருக்குறதுதான் எல்-டோபா, மூளைக்குள்ள போயி டோபமினா, அதாவது உடம்பு அசையத் தேவையான ரசாயனமா, மாறுற பொருள். 1937லயே மெட்ராஸ் யுனிவர்சிட்டில தாமோதரன், ராமசாமினு ரெண்டு பேர் இதைப் பிரிச்சு எடுத்துட்டாங்க. அப்போ அது மூளைக்கு எதுக்கு உதவும்னு யாருக்கும் தெரியாது. 1957ல ஸ்வீடன்ல கார்ல்சன்ங்கற விஞ்ஞானி, ரிசர்பைன்ங்கற மருந்து போட்டதால அசையாம கிடந்த முயலுங்களுக்கு டோபா ஊசி போட்டார், எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சிருச்சு. அந்த ரிசர்பைன் எதுலேருந்து வந்ததுனு பாத்தா அது நம்ம சர்ப்பகந்தா வேர்! ஒரு செடி ஆள முடக்குது, இன்னொண்ணு எழுப்புது.

இப்ப விஷயத்துக்கு வரேன். பெரியப்பாவுக்கு அஞ்சு வருஷமா நடுக்குவாதம், பார்க்கின்சன்ஸ். மூளைல டோபமின் கொறையுறதால வர்றது, அதுக்கு எல்-டோபா மாத்திரை ஓடிட்டு இருக்கு. போன தை மாசம் போயிருந்தப்போ மனுஷன் உக்கார முடியாம உக்காந்திருக்கார், கழுத்தும் தோளும் தானா நெளியுது, கைல இருந்த காப்பி டம்ளர் வேட்டில சிந்துது. நோய் முத்திப்போச்சுனு பெரியம்மா ஒரே அழுகை. அலமாரியைத் துழாவுனா ஒரு டப்பா, பூனைக்காலி சூரணம், "காலை மாலை ஒரு ஸ்பூன்". யாரோ சொன்னாங்களாம். டாக்டர்ட்ட சொன்னீங்களானு கேட்டா, "இது நாட்டு மருந்துதானடா, இதப் போயி என்னத்த சொல்ல"ங்கறார்.

விதைல நூத்துக்கு 4லேருந்து 6 பங்கு எல்-டோபா இருக்கும். ஒரு ஸ்பூன் 5 கிராம்னு வச்சாலே 200, 300 மில்லிகிராம் ஆச்சு. வெறும் சூரணம்னா அதுல பாதிக்கு மேல மூளைக்குப் போறதுக்கு முன்னாடியே உடம்புக்குள்ள டோபமினா மாறி வாந்தியத்தான் வரவைக்கும், ஆனா இவர் மாத்திரைல கார்பிடோபா இருக்கே, அது அப்படி மாறுறதத் தடுத்து சூரணத்துல உள்ளதையும் சேத்து மூளைக்கு அனுப்பிருது. அதான் அந்த நெளிச்சல். முத்துனது நோய் இல்ல, மருந்து.

சூரணத்தைக் கேவலமா சொல்லல, 2004ல லண்டன்ல 8 பேருக்கு 30 கிராம் விதைப்பொடி குடுத்துப் பாத்தாங்க, மாத்திரைய விட சீக்கிரம் வேலை செஞ்சு கொஞ்ச நேரம் கூடவே நின்னுச்சு. ஆனா அதெல்லாம் அளந்து, பக்கத்துல டாக்டர் நின்னு பாத்துக்கிட்டுக் குடுத்தது.

டாக்டர்ட்ட அந்த டப்பாவையே எடுத்துட்டுப் போனோம். லேபிள்ல எல்-டோபா எவ்வளவுனு தேடுனார். ஒண்ணும் போடல.