என் பெயரில் ஒரு கடன்

சத்துமாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்த வரை என்னிடம் யாரும் எந்தக் காகிதமும் கேட்கவில்லை. மெஷின் வாங்கித் தனியாக யூனிட் போடலாம் என்றதும்தான் கேள்விகள் ஆரம்பித்தன.

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு, ஆதார் எண்ணை வைத்து இலவசமாக முடிந்தது. அதற்காக வெளியாள் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்பதால், வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டினேன். இடத்துக்கு மாமனார் வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் மானியக் கடன் திட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு 35 சதவீத மானியம், நம் பங்கு 5 சதவீதம். என் 6 லட்ச ரூபாய்த் திட்டத்துக்கு நான் போட வேண்டியது 30,000. நகைச்சீட்டுப் பணம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

விண்ணப்பம் வங்கிக்குப் போனதும் வேறு கதை. "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அடுத்தது, "உங்க பேர்ல சொத்து என்ன இருக்கு?" வீடு மாமனார் பெயரில், காடு கணவர் பெயரில். எங்கள் பக்கம் பெரும்பாலான பெண்களுக்கு இதே நிலைமைதான். என் தம்பி டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்குக் கடன் வாங்கியபோது, மனைவியைக் கூட்டிவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கொதிக்கிறது.

சிறுதொழில் கடனில் 10 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக்கூடாது என்பது அப்போது ரிசர்வ் வங்கியின் விதியாக இருந்தது. தொழில் மையத்தில் இருந்த ஒரு மேடம்தான் இதை எனக்குச் சொன்னார். "கடன் இல்லைன்னா, காரணத்தை எழுத்துல கேளுங்க. கொடுத்தே ஆகணும்" என்றார். அப்படியே கேட்டேன். அதன் பிறகு சொத்துப் பேச்சு வரவில்லை; திட்ட அறிக்கையையும் மெஷின் கொட்டேஷனையும் பார்க்க ஆரம்பித்தார்கள். கடன் கிடைத்தது, என் கையெழுத்தில் மட்டும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே வைப்புத்தொகையாக இருக்கும். அந்த அளவு கடனுக்கு வட்டி போடமாட்டார்கள்.

இப்போது சிரமமெல்லாம் வசூலில்தான். கடைக்காரர்கள் சரக்கு விற்ற பிறகே பணம் தருகிறார்கள்; தவணையோ மாதாமாதம் கட்டியாக வேண்டும். நேரில் போனால், "அண்ணனை அனுப்புங்க, கணக்கு முடிச்சிடலாம்" என்கிறார்கள். கணவரை நான் அனுப்புவதில்லை. பழைய பாக்கி தீர்த்தால்தான் அடுத்த பெட்டி இறங்கும் என்று சொல்லிவிட்டேன். சில கடைகள் விலகிவிட்டன. மற்றவர்கள் என்னிடமே கணக்கு முடிக்கிறார்கள்.