முறுக்கில் ஒளிந்திருந்த கோதுமை

எங்கள் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது, உறவினர் வீட்டுப் பிறந்தநாளில் ஒரு கடலை பிஸ்கட்டைக் கடித்த சில நிமிடங்களில் அவனுக்கு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. நிலக்கடலையும் கோதுமையும் அவனுக்கு ஆகாது என்பது பிறகு பரிசோதனையில் தெரிந்தது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள எங்கள் ஊரான பெஸ்தாரி ஜெயாவில் (நாங்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைத்தான் சொல்கிறோம்) அவன் சாப்பிடக்கூடிய ஒரு துண்டு ரொட்டி எந்தக் கடையிலும் இல்லை. கோலாலம்பூரில் கிடைத்த இறக்குமதி ரொட்டியின் விலைக்கு இங்கே ஒரு குடும்பமே இரண்டு நாள் பசியாறலாம். ஆகவே வீட்டிலேயே சுட ஆரம்பித்தேன்.

முதல் பத்துப் பதினைந்து ரொட்டிகள் செங்கல்லாகத்தான் வந்தன. நொதிக்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பசை (குளுட்டன்) கோதுமையில் உண்டு, அரிசி மாவில் இல்லை. மலச்சிக்கலுக்கு மாமியார் வாங்கி வைத்திருந்த இசப்கோல் உமியைத் தண்ணீரில் ஊறவைத்து, அரிசி மாவுடனும் மரவள்ளி மாவுடனும் சேர்த்த பிறகுதான் ரொட்டி எழும்பியது. இந்த மாவைப் பிசையவே கூடாது. கெட்டியான இட்லி மாவுப் பதத்தில் அச்சில் ஊற்ற வேண்டும். முழுதாக ஆறுவதற்கு முன் வெட்டினால் உள்ளே களியாக ஒட்டிக்கொள்ளும்.

அக்கம்பக்கத்தார் கேட்கத் தொடங்கியதும் கடையாக்கினோம். நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவு, நகராண்மைக் கழக உரிமம், சுகாதார அமைச்சில் உணவு வளாகப் பதிவு, உணவைக் கையாளுவோருக்கான மூன்று மணி நேரப் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி என்று எல்லாம் முடிய நாள் பிடித்தாலும், அதில் பெரிய சிரமம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். சிரமம் எல்லாம் சமையலறைக்குள்தான் இருந்தது. நிலக்கடலை எங்கள் வாசலைத் தாண்டி வரக் கூடாது என்று நான் சொன்னபோது, "தீபாவளிக்குக் கடலை பிஸ்கட் இல்லாத கடைக்கு யாரும்மா வருவாங்க?" என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முதல் தீபாவளிக்கு வந்த ஆர்டர்களில் பாதிக்கு மேல் கடலை பிஸ்கட்டுக்குத்தான் வந்தன, அத்தனையையும் வேண்டாமென்று திருப்பினோம். கோதுமைக்கும் கொட்டை வகைகளுக்கும் அறவே இடமில்லை; முட்டை சேர்த்த கேக்கை மட்டும் சனிக்கிழமை மாலையில் தனித் தட்டுகளில் சுட்டுவிட்டு, ஞாயிறு முழுவதும் கழுவினோம். கை துடைக்கும் கிருமிநாசினியைக் கடலைப் புரதம் பொருட்படுத்தாது என்பதால், சோப்பும் தண்ணீரும் மட்டுமே எங்கள் ஆயுதம். அடுப்புச் சூட்டில் அது அழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அழியாது.

மார்ஜரின் எங்களுக்கு ஒரு தனிப் பாடமாக அமைந்தது. 1917-ஆம் ஆண்டில் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தைப் போட்டது எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். தென்னையின் பெயரை வைத்துக்கொண்டு செம்பனையை வளர்த்த ஊர் இது. அந்தச் செம்பனை எண்ணெயில் செய்த மார்ஜரினில் பால் இருக்காது என்று நம்பி வாங்கிவந்து, பொடி எழுத்தைப் படித்தால் பால் திடப்பொருள் என்று இருந்தது. பசையமுள்ள தானியங்கள், நிலக்கடலையும் சோயாவும் உட்பட்ட கொட்டை வகைகள், மீன், பால், முட்டை ஆகியவை கலந்திருந்தால் பொட்டலத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. அந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி மாவு அலமாரியில் ஒட்டினேன். இப்போது மார்ஜரினுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய்தான்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் இரண்டாவது தீபாவளியில் தவறு செய்தோம். முறுக்கு அரிசி மாவிலும் உளுந்து மாவிலும் செய்வது, அதில் கோதுமைக்கு ஏது வேலை என்று நான் அலட்சியமாக இருந்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, உங்க முறுக்கத் தின்னுட்டுப் பிள்ளைக்கு மேலெல்லாம் தடிச்சிருக்கு." முதலில் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, சமையலறைக்கு ஓடி ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் படித்தேன். பெருங்காய டப்பாவில், பிசினுக்கும் முன்பாகக் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது. கூட்டுப் பெருங்காயத்தில் அதைச் சேர்ப்பது வழக்கம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் மகனும் அதே முறுக்கைத் தின்றிருந்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

அன்றிரவே என் கணவர் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் லயம் லயமாகப் போய் 43 பொட்டலங்களைத் திரும்ப வாங்கி, பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பிள்ளை இரண்டு நாளில் தேறிவிட்டது. அதன் தாயைப் பார்க்க நேரில் போனபோது என்னால் நிமிர்ந்து பேச முடியவில்லை. அவர் கோபப்படாமல் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "மாவு எங்கக்கா அரைக்கிறீங்க?" நான் அரைத்த மில்லில், எனக்கு முன்னால் நின்றவர் சப்பாத்திக்குக் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் கண்முன் வந்தது. சீட்டுப் போல நாங்கள் போட்டுவந்த கூட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்து, ஒரு சிறு அரைவை இயந்திரம் வாங்கினோம். அரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி அரைக்கும் வேலையை இப்போது தோட்டத்துப் பெண்கள் மூவர் சம்பளத்துக்குச் செய்கிறார்கள். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணும் அவர்களில் ஒருவர்.

ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர நெறியின் அளவு. ஒவ்வொரு முறையும் ஆய்வகத்தில் சோதிக்க எங்களுக்கு வசதியில்லாததால், 'குளுட்டன் இல்லாதது' என்று நாங்கள் எழுதுவதில்லை. 'கோதுமை சேர்க்கவில்லை' என்று எழுதி, சேர்த்தவை அத்தனையையும், பெருங்காயத்தை விட்டுவிட்ட இடத்தில் போடும் சீரகம் உட்பட, கீழே குறிக்கிறோம். இதனால் சிலர் வாங்காமல் போகிறார்கள். போகட்டும்.

தோட்டத்தில் தண்டலாக (வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியாக) இருந்து ஓய்வுபெற்ற மாமாதான் கல்லாவில் உட்காருகிறார். சம்பளம் போடும் நாள்வரை கடன் எழுத அவர் வைத்திருக்கும் '555' என்ற சிறு கணக்குப் புத்தகத்தில், பெயருக்கு எதிரே வெள்ளி (ரிங்கிட்) கணக்கு ஒரு பக்கமும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாதவை மறுபக்கமும் இருக்கும். தமிழ்ப்பள்ளியில் பிறந்தநாள் கேக் கேட்டு வருகிறவரிடம், வகுப்பில் யாருக்கு முட்டை ஆகாது என்று அந்தப் புத்தகத்தைப் புரட்டிச் சொல்லிவிட்டுத்தான் ஆர்டர் எடுப்பார். போன வாரம் ஒரு வீட்டின் 38 வெள்ளிக் கடனை அடித்துவிட்டு, 'இறால்' என்ற சொல்லை மட்டும் புதுப் புத்தகத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்.