தோலொட்டிய ஒரு சொல்

போன ஆவணியில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பந்தி வாசிக்கக் கொடுத்திருந்தேன். அதில் 'ஹைட்பவுண்ட்' என்று ஒரு சொல் வந்தது. முன்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, "ரீச்சர், ஹைட் எண்டால் ஒளிக்கிறது, பவுண்ட் எண்டால் கட்டினது. ஒளிச்சுக் கட்டினதோ?" என்று கேட்டாள். எனக்கு நல்ல சந்தோசம். சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறதே! கட்டினது என்பது சரி. ஆனால் இந்த ஹைட் ஒளிப்பதல்ல, மாட்டுத்தோல்.

இன்றைக்கு அகராதியைத் திறந்தால் பழைய வழக்கத்தை விடாதவர், புதிதாக ஒன்றையும் ஏற்காதவர் என்று இருக்கும். கட்டுப்பெட்டி என்று நாங்கள் சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். நானும் கனகாலம் தோல் அட்டை போட்டுக் கட்டிய பழைய புத்தகத்திலிருந்து வந்த சொல் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அது மாட்டுப்பட்டியிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதை மாட்டுக்கு வரும் ஒரு கேட்டின் பெயராகச் சொல்லியிருக்கிறார்கள். தீனி இல்லாமல் மெலிந்து, தோல் முதுகோடும் விலாவோடும் ஒட்டிப்போன நிலை.

அதை வாசித்தபோது எனக்கு ஐயாவின் கைதான் ஞாபகம் வந்தது.

எங்கள் வீடு முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. சண்டைக்கு முந்தி ஐயாவிடம் அறுபது, எழுபது மாடுள்ள பட்டி இருந்தது. கச்சான் காற்று அடித்துக் குளம் வற்றி, குளத்துக்குள் நிற்கும் புல்லும் கருகிவிட்ட புரட்டாதி நாட்களில் பின்னேரம் மாடுகள் திரும்பி வரும்போது பட்டி வாசலில் நிற்பார். சந்தேகமான மாட்டைப் பிடித்து, விலாவுக்கு மேலே தோலை விரல்களால் கொத்தாகப் பிடித்து இழுப்பார். தோல் கையோடு வந்தால் விட்டுவிடுவார். வராவிட்டால் அந்த மாடு மற்ற நாள் காட்டுக்குப் போகாது, வீட்டில் தவிடும் புண்ணாக்கும் தின்னும். ஒருநாள் ஒரு சிவலைப் பசுவில் என்னையும் பிடிக்க வைத்தார். "கையை வைச்சுப் பார் பிள்ளை. தோல் வருதோ?" வரவில்லை. பலகையில் ஒட்டிய கடதாசியைக் கிள்ளுவது போல இருந்தது. தோலுக்குக் கீழே இருக்கவேண்டிய கொழுப்பு கரைந்துவிட்டால் இப்படித்தான் ஆகும் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

சாமுவேல் ஜோன்சன் 1755இல் இலண்டனில் வெளியிட்ட பெரிய அகராதியில் இந்தச் சொல்லுக்கு என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? குதிரை வைத்திய அகராதி ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். விலாவோடும் முதுகோடும் தோல் இறுக ஒட்டி, கையால் இழுத்தாலும் பிரித்தெடுக்க முடியாத குதிரை என்று. கையால்! ஒரு எழுத்து ஆங்கிலம் தெரியாத ஐயா செய்த அதே சோதனை. இதை நான் வாசித்துக் காட்டியபோது ஐயா பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "வேற எப்பிடிப் பாக்கிறது?" என்றார்.

ஜோன்சன் அதோடு நிறுத்தவில்லை. உள்ளே மரம் பருக்க இடம் விடாமல் பட்டை இறுகிப்போவதற்கும் இதே சொல்தான். முரண்டு பிடிக்கிறவனுக்கும் இதே சொல், கஞ்சனுக்கும் இதே சொல். கஞ்சன் என்ற பொருள் இப்போது வழக்கில் இல்லை. எனக்கு அது போய்விட்டது கவலைதான், கையிலிருந்து ஒன்றும் பிரியாத ஆளுக்கு எவ்வளவு பொருத்தமான சொல். தோல் கல்லுப்போல் இறுகிவிடும் ஸ்கிளெரோடேர்மா என்ற வருத்தத்தையும் ஆங்கிலத்தில் ஒருகாலம் இந்தப் பெயராலேயே அழைத்தார்கள்.

மனிதரின் மனதுக்கு இந்தச் சொல் போனது 1600 அளவில். ஆங்கிலக் கவிஞர் ஜோன் மில்டன் 1644இல் எழுதிய 'ஏரியோபாஜிட்டிக்கா' என்ற நூலில் அது கூர்மையாக வருகிறது. அச்சாகும் எதுவும் முதலில் அதிகாரியின் அனுமதி பெறவேண்டும் என்று அதற்கு முந்திய வருடம் நாடாளுமன்றம் கட்டளை போட்டிருந்தது. அந்த அதிகாரி தன் தோலொட்டிய குணத்தையே தீர்ப்பு என்று சொல்லிக்கொண்டு மற்றவன் எழுத்தை வெட்டுவான் என்கிறார் மில்டன். அந்த நூலையே அவர் அனுமதி வாங்காமல்தான் அச்சிட்டார்.

மில்டனின் கோபம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் பட்டியில் வளர்ந்தவளுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இன்றைக்கு ஒருவரை இந்தச் சொல்லால் சுட்டினால் முழுக் குற்றமும் அவர் தலையில்தான். ஜோன்சன் எடுத்துப்போட்ட வரிகளோ காரணங்களையும் சொல்கின்றன: வறுமை, கவனிப்பு இல்லாமை, அளவுக்கு மீறி ஓட்டுதல். இதில் எது குதிரையின் குற்றம்?

எங்கள் பக்கத்து மாடுகளுக்கும் அப்படித்தான். பெரும்போக விதைப்புத் தொடங்கினால் வயலுக்குள் விடமுடியாது. மேய்ச்சல் தரவைகள் வரவரக் குறைகின்றன. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. ஐயாவிடம் மிஞ்சியிருந்த ஏழில் இரண்டு போயின. இரண்டும் தோல் இழுபடாத மாடுகள்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். என் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் மாடு நிற்கிறது. கரும்பலகையில் பொருளை எழுதாமல், "வீட்டை போய் மாட்டின்ர விலாவில தோலை இழுத்துப் பாத்திட்டு வாங்கோ" என்று அனுப்பினேன். மற்ற நாள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பின்வாங்கில் வழமையாக வாய் திறக்காத ஒரு பெடியன் கடைசியாக எழும்பி, "ரீச்சர், எங்கட வெள்ளைக்குத் தோல் வரேல்லை" என்றான். அன்றைக்கு அந்தச் சொல்லை வைத்து ஒரு வசனம்கூட எழுதவில்லை.

பின்னேரம் ஐயாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"கண்டு போட்ட மாடோ? வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுத்தவையோ எண்டு கேள் பிள்ளை. இல்லையெண்டால் ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பாக்கிறன்."