கொழும்பில் கண்ட மலைநாடு

லண்டனில் உள்ள நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் பாடசாலை நாட்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். வாணி விழா, விளையாட்டுப் போட்டி, நமது ஆசிரியர்கள் என்று மற்றவர்கள் நன்றாகவே எழுதுவார்கள். நான் பாடசாலையை விட்டுக் கொழும்புக்குப் படிக்கப் போன காலத்தை எழுதுகிறேன். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன், நோர்வூட் பக்கத்துப் பிள்ளைகள் இன்றும் அந்த வழியில்தான் போகிறார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல அவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை.

2002இல் எனக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் கிடைத்தது. நுவரெலியா மாவட்டத்துக்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி குறைவு, அதனால்தான் கிடைத்தது என்று என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. மாவட்டக் கோட்டாவை நான் அன்றும் சலுகையாக நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். அதுவரை பெரும்பாலான தோட்டங்களில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அம்மாவின் படிப்பும் அப்படித்தான் முடிந்தது. கொழும்பு நகரத்துப் பிள்ளையும் நாங்களும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கவில்லை.

அந்த வருடம் பெப்ரவரியில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் வந்திருந்தது. அதற்கு முன் கொழும்புக்குப் போவதென்றால் பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, கையில் அடையாள அட்டை இல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். அப்பா என்னைத் துணிந்து அனுப்பியதற்கு அந்த அமைதியும் ஒரு காரணம்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் போர்டிங். நான்கு பேருக்கு ஓர் அறை, ஒரு மின்விசிறி. ஹட்டனில் வருடம் முழுக்கப் போட்ட சுவெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, இரவெல்லாம் வியர்வையில் புரண்டுகொண்டிருப்பேன். அறையில் மற்ற மூவரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். நல்லவர்கள், ஆனால் நான் வாயைத் திறந்தால் என் பேச்சைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். முதல் மாதம் அதனாலேயே குறைவாகப் பேசினேன்.

தனிமை போனது கம்பஸில் அல்ல, காலி வீதியில் ஒரு பலசரக்குக் கடையில். சீனி நிறுத்துக்கொண்டிருந்த பையன் நான் பேசியதைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, நீங்க எந்தப் பக்கம்?"

"ஹட்டன் பக்கம் தம்பி."

"ஹட்டன்ல எங்க?"

"நோர்வூட்."

"நான் மஸ்கெலியாக்கா. அந்தா பில் போடுறாரே, அவரு பொகவந்தலாவ. உள்ள மூட்ட தூக்குறவரு பூண்டுலோயா."

பதினாறு வயது இருக்கும். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றாமலே வந்துவிட்டான். அன்றிலிருந்து கொழும்பு எனக்கு வேறு ஊராகிவிட்டது. புறக்கோட்டை மொத்தக் கடைகளில், சாப்பாட்டுக் கடை அடுப்பங்கரைகளில், கறுவாத்தோட்டத்துப் பெரிய வீடுகளின் பின்பக்கத்தில், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வரிசையில் என்று எங்கும் நம் ஆட்கள் இருந்தார்கள். இந்த நகரம் காலையில் கதவைத் திறப்பதே அவர்கள் கையால்தான். தீபாவளிக்கு முன்னிரவு பஸ்தியன் மாவத்தையில் ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பொருளியல் வகுப்பில் இருந்து ஒருமுறை எங்களைத் தேயிலை ஏலத்துக்கு அழைத்துப் போனார்கள். பேரை ஏரிக்குப் பக்கத்தில், நவம் மாவத்தையில் உள்ள வர்த்தக சம்மேளனக் கட்டடம். கொழும்பில் இந்த ஏலம் 1883இல் தொடங்கியது. படிப்படியாக உயர்ந்து போகும் இருக்கைகள், ஒவ்வொருவர் மடியிலும் தடித்த கேட்டலாக். மேடையில் இருந்த புரோக்கர் தோட்டத்துத் தேயிலையின் விற்பனைப் பெயரான மார்க்கையும் தரத்தையும் சொல்லி விலையைத் தொடங்கினார். யாரோ ஒரு விலை சொல்ல, இன்னொருவர் கூட்ட, சுத்தியல் தட்டியது. மூச்சு விடுவதற்குள் ஒரு லொட், அதாவது ஒரு தொகுதித் தேயிலை, முடிந்து அடுத்தது வந்துவிடும். உயர்ந்த மலைகளில் விளையும் தேயிலைக்கான ஹை குரோன் பட்டியலில் நோர்வூட் பக்கத்துப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாங்கள் பஸ்ஸில் கடந்து போகிற பெயர்ப்பலகைகள் எல்லாம் அங்கே வரிசையாக விலை போயின. அப்புறம் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னார்கள்.

என் கொப்பியில் நான் போட்ட கணக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அம்மா நாள் முழுக்க மலையேறி இறங்கிப் பதினாறு கிலோ பறித்தால் அது மூன்றரைக் கிலோ தேயிலை. அந்த மூன்றரைக் கிலோவுக்கு அங்கே சொன்ன விலையை ஒரு பக்கமும், அம்மாவின் ஒருநாள் பேரை, அதாவது நாட்சம்பளத்தை, மறுபக்கமும் எழுதினேன். இடையில் தொழிற்சாலை, உரம், போக்குவரத்து, வட்டி, வரி எல்லாம் இருக்கிறது என்று பாடம் சொல்லித் தந்தது. அது சரிதான். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த யாருக்கும் காலையில் கொழுந்து நிறுவையின்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிக்கிற கிலோ எத்தனை என்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். என் இறுதியாண்டு ஆய்வைத் தோட்டச் சம்பளம் பற்றி எழுதுவதென்று அந்த இருக்கையிலேயே முடிவு செய்தேன்.

அந்த ஆய்வுக்காகத்தான் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கும் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் போகத் தொடங்கினேன். அங்கேதான் கோ. நடேசய்யரைப் பற்றி அறிந்தேன்: 1920களில் கொழும்பில் இருந்து தமிழ்ப் பத்திரிகை நடத்தியவர், கொழும்புத் தொழிலாளர் மத்தியிலும் தோட்டத் தொழிலாளர் மத்தியிலும் சங்கம் கட்டியவர், 1936இல் ஹட்டனில் இருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானவர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடிப் பாடியே தொழிலாளரைத் திரட்டினார். ஹட்டன் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இவர்களை அறியக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது. நம் பாடசாலை மேடையில் இவர்கள் பெயர் ஒலித்திருக்க வேண்டும்.

கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில் பாதையைக் கடந்தால் பாறைகள், அதற்கப்பால் தண்ணீர். மாலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் படிக்க வந்துவிடுவோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பல நாட்கள் அந்தப் பக்கமே போகவில்லை. கம்பஸில் சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லாரும் அரிசியும் பால்மாவும் பொதி கட்டினோம். என் சிங்களம் தேறியது அந்தப் பொதிகளுக்கு நடுவில்தான்.

இனி, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் கொழும்பில் தடுமாறுவது பரீட்சையில் அல்ல, முதல் மூன்று மாதங்களில். போர்டிங்குக்கு முற்பணம் கட்ட வேண்டும், உதவித்தொகை கைக்கு வர நாளாகும், ஆங்கிலத்தில் விரிவுரை, பேசத் தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. அப்பா என் முற்பணத்துக்கு அம்மாவின் தோட்டை அடகு வைத்தார். லண்டனில் நாம் வருடாந்த ஒன்றுகூடல் மண்டபத்துக்குக் கொடுக்கிற வாடகையில் ஒரு பகுதி இருந்தாலே ஒரு பிள்ளைக்கு அந்த மூன்று மாதமும் கழியும். கொழும்பில் இப்போது வேலையில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் ஆளுக்கொரு பிள்ளையைக் கோட்டை ரயில் நிலையத்தில் கூப்பிட்டு, போர்டிங் வரை கொண்டுபோய் விட்டாலும் பெரிய உதவி. இந்த வருடம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களின் பட்டியலை அதிபரிடம் கேட்டு வாங்கித் தர நான் தயார். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.